பட்டாளத்து டாக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990-ல் ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தேன். 2018-ல் கர்னலாக ஓய்வு பெற்று ஊர் வந்து சேர்ந்தேன். நடுவில் 28 வருஷம். திரும்பி வந்த நாளிலிருந்து கல்யாணப் பந்தியிலும் சலூனிலும் பேங்க் வரிசையிலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். வாயால் சொல்லும்போது பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

யாரையாவது சுட்டிருக்கிறீர்களா?

இல்லை.

சின்னப் பையன்கள் இருக்கும் வீட்டில் இதுதான் முதல் கேள்வி. பதிலைக் கேட்டதும் அவர்கள் முகம் தொங்கிப்போவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. துப்பாக்கி இருந்தது. 9 மி.மீ. பிஸ்டல். சுடும் பயிற்சியும் உண்டு. நான் சுமாராகச் சுடுவேன், அதைப் பற்றி மேலே பேசவேண்டாம். ஆனால் ஜெனீவா உடன்படிக்கைப்படி, மருத்துவப் பணியில் இருப்பவர் தன்னையும் தன் பொறுப்பில் இருக்கும் நோயாளிகளையும் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். எதிரி கையில் மாட்டினால்கூட அவர் கணக்கில் போர்க்கைதி இல்லை. பிடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டவர் என்றுதான் 1949 உடன்படிக்கை சொல்கிறது. அதேபோல நம்மிடம் மாட்டிய எதிரிச் சிப்பாய்க்குக் காயம் பெரிது என்றால், முதலில் அவனைத்தான் பார்க்க வேண்டும். இதை வகுப்பில் கேட்கும்போது சுலபமாக இருந்தது.

சுடாத வேலை என்றால் பத்திரமான வேலை என்றும் எண்ண வேண்டாம். 2010 பிப்ரவரி 26 அன்று காபூலில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதியைத் தாக்கினார்கள். எங்கள் படையைச் சேர்ந்த, மணிப்பூர்க்காரரான மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங் அங்கே இருந்தார். கையில் ஆயுதம் இல்லை. தற்கொலைத் தாக்குதலுக்கு வந்தவனைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். குண்டு வெடித்து அவரும் இறந்தார். அவரோடு இருந்த சக ஊழியர்கள் சிலர் பிழைத்தார்கள். அவருக்கு அசோக சக்ரா கொடுத்தார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

அப்படியானால் 28 வருஷம் என்னதான் செய்தீர்கள்?

ஊரில் டாக்டரிடம் உடம்பு சரியில்லாதவர்கள் வருவார்கள். பட்டாலியனில் நல்ல திடகாத்திரமான எண்ணூறு பேர் நடுவே டாக்டரைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள். அவர்கள் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. இது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

காலையில் எம்.ஐ. ரூம். மெடிக்கல் இன்ஸ்பெக்ஷன் ரூம் என்பதன் சுருக்கம், ஒரு மேஜை, ஒரு கட்டில், இரண்டு நர்சிங் அசிஸ்டென்ட்டுகள். சிக் ரிப்போர்ட்டில், அதாவது உடம்பு சரியில்லை என்று பேர் கொடுத்தவர்கள் வரிசையில், பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஒன்பதரை மணிக்குள் முடிந்துவிடும். மிச்ச நாள் முழுக்க டாக்டர் செய்கிற காரியங்களைப் பார்த்தால், நம் ஊர் நகராட்சி சுகாதார ஆய்வாளர் நினைவுக்கு வருவார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குளோரின் சரியாகப் போட்டார்களா. லங்கரில், அதாவது படையின் சமையற்கூடத்தில், சமையல்காரர் நகம் வெட்டியிருக்கிறாரா. கழிப்பறைக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம். சூரியன் சாய்ந்ததும் எல்லாரும் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார்களா. ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், கொசுவலைக்குள் படுத்திருக்கிறார்களா, இல்லை வலையைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறார்களா என்று பார்ப்பது. வடகிழக்கில் இருந்த மூன்று வருஷமும் எனக்கு எதிரி என்றால் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுதான்.

அப்புறம் கால். நீண்ட நடை முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றி வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருவர் பாதத்தையும் பார்க்க வேண்டும். விரல் இடுக்கு வெந்திருக்கிறதா, குதிகாலில் கொப்புளமா, நகம் உள்ளே வளர்ந்திருக்கிறதா. ஒருவர் காலைத் தூக்கிக் காட்டும்போதே விரல்களை விரித்து, "பவுடர் போட்டாச்சு சாப்" என்பார். போடாதவர்தான் அதை முதலில் சொல்வார். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது, ஒரு நாளைக்கு நூறு ஜோடிக் கால்களுக்கு முன் குந்தி உட்காருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கால் கெட்ட சிப்பாய் கையில் துப்பாக்கி இருந்தும் பயன் இல்லை.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. வாந்திபேதி வராத ஒரு கோடைக்காலத்தை யாரிடம் காட்டுவது?

சிப்பாய்கள் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்வார்களா?

சொல்வார்கள். பள்ளிக்கூடப் பையன்களைவிடக் கொஞ்சம் குறைவாக.

சிக் ரிப்போர்ட் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் டாக்டர் ஒரு முடிவு எழுத வேண்டும். 'மருந்தும் வேலையும்' என்று எழுதினால் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போ என்று பொருள். 'அட்டெண்ட் சி' என்றால் பாரக்கில் படுத்து ஓய்வெடுக்கலாம். இந்த அட்டெண்ட் சி-தான் பட்டாளத்தின் பொற்காசு. பத்து கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிற நாளன்று காலை இடுப்பு வலி திடீரென்று கூடிவிடும்.

முதல் சில மாதங்கள் நான் போலீஸ்காரன் மாதிரி இருந்தேன். யார் நடிக்கிறார் என்று கண்டுபிடிப்பதில் ஒரு குஷி. என் நர்சிங் அசிஸ்டென்ட் ஹவில்தார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "சாப், இடுப்பு வலின்னு வந்தா இடுப்பைப் பாருங்க. மூணாவது தடவையும் வந்தா வீட்டுல இருந்து வந்த கடிதத்தைக் கேளுங்க." அதன்பிறகு கேட்க ஆரம்பித்தேன். பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், தங்கை கல்யாணம் நின்றுபோனது, மனைவிக்கும் அம்மாவுக்கும் பேச்சு இல்லை. இடுப்பு வலி என்று வந்தவர்களில் சிலருக்கு நான் செய்த வைத்தியம், கமாண்டிங் ஆபீசரிடம் போய் இவனுக்குப் பத்து நாள் லீவ் கொடுங்கள் என்று சொன்னதுதான். இரண்டு பேருக்குக் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி வைக்கச் சொல்லி, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. அதை ரகசியமாகச் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். ஒரு பாரக்கில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

ஹிந்தி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?

லக்னோவில்தான் எங்கள் படையின் பயிற்சி மையம். புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கு அங்கே அடிப்படைப் பயிற்சி. சல்யூட் அடிப்பது, மெஸ்ஸில் எந்தக் கையில் முள்கரண்டி, நடைபோடுவது எல்லாம் அங்கேதான். எனக்கு 'பாயே முட்', 'தாஹினே முட்' குழம்பி, ஒரு காலை முழுக்க அணியே ஒரு பக்கம் திரும்ப நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, பக்கத்திலிருந்த பஞ்சாபி டாக்டரின் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.

எம்.ஐ. ரூமில்தான் உண்மையான பாடம். முதல் வாரம் வந்த ஒருவர் "சாப், கப்ராஹட் ஹோதா ஹை" என்றார். அகராதியில் பார்த்தால் பதற்றம். அவருக்குப் பதற்றப்பட ஒன்றும் இல்லை. இன்னொருவரும் அதையே சொன்னார், அவருக்கு மூச்சு வாங்கியது. மூன்றாமவருக்கு வாயுத் தொல்லை. நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது சரியில்லையென்றாலும் கப்ராஹட்தான் என்று புரிய நாளானது. நம்மூரில் 'ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்' என்பார்களே, அதேதான். அதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஹிந்தி வந்துவிட்டது என்று சொல்லலாம். இலக்கணம் இன்றுவரை வரவில்லை. எனக்கு எல்லாமே ஆண்பால்தான்.

நீங்கள் செய்த பெரிய தவறு எது?

இதை யாரும் இப்படி நேராகக் கேட்பதில்லை. "ரொம்ப நினைவில் நிற்கிற கேஸ் எது சார்?" என்று கேட்பார்கள். பதில் ஒன்றுதான்.

லடாக்கில் ஒரு பட்டாலியனுக்கு டாக்டராக இருந்தேன். உயரமான இடத்துக்கு ஏறுகிறவர்களுக்கு ராணுவத்தில் ஒரு கண்டிப்பான கணக்கு உண்டு. 9,000 அடியிலிருந்து 12,000 அடிக்குள் 6 நாள். பிறகு 15,000 அடி வரை 4 நாள். அதற்கும் மேலே போக இன்னொரு 4 நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெல்ல நடை, அப்புறம் ஏற்றம். இது சும்மா வந்த கணக்கு அல்ல. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து ஆட்களை அப்படியே மேலே கொண்டுபோய் இறக்கினார்கள். சண்டையில் விழுந்தவர்கள் போக, மூச்சுத் திணறி விழுந்தவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் மலைநோய் வந்த 1,925 சிப்பாய்களைப் பற்றி இந்தர் சிங்கும் அவருடன் இருந்த ராணுவ மருத்துவர்களும் 1969-ல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் படிக்கிறார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியும். வகுப்பே எடுப்பேன்.

அக்டோபர் கடைசி. கணவாய் மூடப்போகிறது. மேலே 15,000 அடிக்கு மேல் இருந்த ஒரு போஸ்ட்டுக்கு ஆள் போக வேண்டும், கடைசி கான்வாய் மறுநாள் காலை. 60 நாள் லீவ் முடிந்து வந்த ஒரு சிப்பாய்க்கு இரண்டாம் கட்டத்தில் இன்னும் இரண்டு நாளும், மூன்றாம் கட்டம் முழுவதும் பாக்கி. 22 வயது, கபடி விளையாடுகிறவன். இரண்டு மாசம் ஊரில் இருந்தால் உடம்பு மலையை மறந்துவிடும், புது ஆளைப் போலத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மூத்த அதிகாரி ஒருவர் என் கூடாரத்துக்கு வந்து டீ குடித்துக்கொண்டே, "டாக்டர், பையன் குதிரை மாதிரி இருக்கான். மேலே போய் மிச்ச நாளைக் கழிக்கட்டுமே" என்றார். உத்தரவு போடவில்லை, நட்பாகத்தான் சொன்னார். பையனும் வாசலில் நின்று, "டீக் ஹூன் சாப்", நன்றாக இருக்கிறேன் என்று சிரித்தான். சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். கேப்டன் என்று கீழே எழுதி, தேதியும் போட்டேன்.

இரண்டாம் ராத்திரி மேலிருந்து தொலைபேசி. இருமுகிறான், படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. வண்டியில் நான் மேலே போய்ச் சேர மூன்று மணி நேரம். பங்கருக்குள் புகாரி என்கிற மண்ணெண்ணெய்க் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஸ்டெதஸ்கோப் வைக்கும் முன்னாலேயே சத்தம் கேட்டது. ஹூக்கா இழுத்தால் குடுவையில் தண்ணீர் கொப்பளிக்குமே, அந்த மாதிரி நெஞ்சுக்குள். உதடு நாவற்பழ நிறம். கைக்குட்டையில் இளஞ்சிவப்பு நுரை.

நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் இந்த நோய்க்கு மருந்துகள் உண்டு, ஆக்சிஜன் உண்டு. உண்மையான மருந்து கீழே இறக்குவதுதான். இப்போது ஆளை உள்ளே படுக்கவைத்து ஜிப் போட்டுக் காற்றடிக்கும் பை வந்திருக்கிறது. மலையில் இருந்தபடியே சில ஆயிரம் அடி கீழே இறக்கிய மாதிரி. அன்று எங்களிடம் அது இல்லை. இரண்டு சிலிண்டர் ஆக்சிஜன் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் சாய்வாக உட்காரவைத்து, ஒன் டன் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ஒரு கை அவன் மணிக்கட்டில், ஒரு கையில் டார்ச், கண் சிலிண்டரின் முள்ளில். திருப்பத்துக்குத் திருப்பம் முள் இறங்குகிறது. டிரைவரை வேகமாகப் போ என்றால் பனியில் வழுக்கும். மெதுவாகப் போ என்றால் ஆக்சிஜன் தீரும். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டர் கால்வாசி இருக்கும்போது அவன் முகமூடியை நகர்த்தி, பசிக்கிறது சாப் என்றான். 11,000 அடியில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது உதடு பழைய நிறத்துக்கு வந்திருந்தது.

பிழைத்துக்கொண்டான். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி உயிரைக் காப்பாற்றிய டாக்டர் என்று மெஸ்ஸில் பேச்சு. டீ குடிக்க வந்தவரும் கை குலுக்கினார். அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சான்றிதழின் நகல் என் ஃபைலில்தான் இருந்தது.

ராணுவத்தில் டாக்டர் முதலில் டாக்டரா, ஆபீசரா?

மேலே சொன்னதுதான் பதில். அன்று டீ குடிக்கும் நேரத்தில் நான் ஆபீசராக இருந்துவிட்டேன்.

அதன்பிறகு நாள் குறையும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. "எழுத்தில் உத்தரவு கொடுங்கள், நானும் எழுத்தில் மறுக்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். விதிப்படி மருத்துவ அதிகாரி கமாண்டிங் ஆபீசருக்கு ஆலோசகர். ஆலோசனை சொல்வது அவர் கடமை, ஏற்பது மற்றவர் பொறுப்பு. நல்ல கமாண்டிங் ஆபீசர்கள் டாக்டர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். எனக்கு வாய்த்தவர்களில் பாதிக்கு மேல் நல்லவர்கள்.

கார்கில் போரின்போது எங்கே இருந்தீர்கள்?

தமிழ்நாட்டில், ஒரு மைதானத்தில், பையன்களின் மார்பளவை எடுத்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்கலாம். 1999 மே முதல் ஜூலை வரை நாடு முழுக்க தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தபோது, ஆள்சேர்ப்பு முகாமில் மருத்துவப் பரிசோதனைதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை. போர் நடக்கும்போது கூட்டம் குறையும் என்று நினைத்தேன். நேர்மாறாக நடந்தது. வீட்டுக்கொரு பட்டாளத்துக்காரர் இருக்கிற வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ராத்திரியே வந்து கேட்டுக்கு வெளியே படுத்திருப்பார்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டம். அதில் தேறினால் மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். அப்புறம் என்னிடம். முழங்கால் தட்டுகிறதா, காதில் அழுக்கா, கண், பல், மூலம்.

தட்டைப் பாதம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பாதத்தைத் தண்ணீரில் நனைத்துச் சிமென்ட் தரையில் நிற்கச் சொல்ல வேண்டும். நல்ல பாதம் என்றால் தடத்தின் நடுவே உட்பக்கம் வளைந்து காய்ந்திருக்கும். ஒரு பையன் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தவன். அவன் நின்று எடுத்த இடத்தில் செங்கல் மாதிரி இரண்டு தடம். நான் ஒன்றும் சொல்வதற்கு முன் அவனே குனிந்து பார்த்தான். "சார், நான் செருப்பே போட்டதில்ல சார், அதான் அப்படி விழுது" என்றான். இன்னொரு தடவை நனைத்து, பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி, உள் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கெண்டைக்கால் நடுங்கியது. வெயிலில் அந்தத் தடம் காய்வதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். தகுதியில்லை என்று எழுதினேன். விதி விதிதான். செருப்பில்லாமல் முதலாவதாக ஓடி வந்தவனுக்கு அந்தப் பாதம் என்ன கெடுதல் செய்துவிடப் போகிறது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பார்த்த பதவிகளில் எஸ்.எச்.ஓ. என்று போட்டிருக்கிறீர்களே, போலீஸிலும் இருந்தீர்களா?

இல்லை. போலீஸில் அது ஸ்டேஷன் ஹவுஸ் ஆபீசர். எங்கள் எஸ்.எச்.ஓ. ஸ்டேஷன் ஹெல்த் ஆர்கனைசேஷன், அதாவது கன்டோன்மென்ட் என்கிற ராணுவக் குடியிருப்பின் சுகாதார அமைப்பு. 2000-க்குப் பிறகு புனேயில் ராணுவ மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் மேற்படிப்பு முடித்தேன். அறுவை சிகிச்சையோ இதயமோ எடுக்காமல் ஏன் சாக்கடையை எடுத்தாய் என்று மாமனார் கேட்டார். லடாக்குக்குப் பிறகு எனக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை 1897-ல் செகந்தராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸும் மதராஸ் மாகாணத்தில் பணிக்கு வந்த பட்டாளத்து டாக்டர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அசரவில்லை.

தமிழர்கள் யாராவது இந்தப் படையில் பேர் வாங்கியிருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' ஆற்காடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாராசூட்டில் முதன்முதலாகக் குதித்த இந்தியர்களில் ஒருவர். அதுவும் டாக்டராக இருந்துகொண்டு.

1950-ல் கொரியப் போர் வந்தபோது இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை. 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைமை ரங்கராஜ். அந்த டிசம்பரில் சீனப் படை இறங்கி வர, பியோங்யாங்கை விட்டு எல்லாரும் தெற்கே ஓடுகிறார்கள். இவர்களுக்கு வண்டி இல்லை. மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு வரச் சொன்னால் கேட்கவில்லை. ஒரு பழைய நீராவி என்ஜினைக் கண்டுபிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி பாய்லரை நிரப்பி, சாமான்களை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-னியில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, இந்தப் பிரிவின் ஒரு குழுவும் கூடவே குதித்துக் காயம்பட்டவர்களைப் பார்த்தது. 1954 வரை அங்கே இருந்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பிலும் வேலை செய்தார்.

அதே 60-வது பாரா பிரிவுதான் 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது இஸ்கெண்டெருனில் ஆஸ்பத்திரி போட்டது. தமிழ்நாட்டில் ரங்கராஜ் பெயரில் ஒரு தெருவையாவது யாராவது காட்டினால் சந்தோஷப்படுவேன்.

என் மகள் எம்.பி.பி.எஸ். முடிக்கப்போகிறாள். சேரலாமா?

சேரலாம். பெண் என்பதால் தயங்க வேண்டாம். மற்றப் பிரிவுகளில் பெண்களை அதிகாரிகளாக எடுக்க ஆரம்பித்தது 1992-ல்தான். டாக்டர்களாக அதற்கு வெகு காலம் முன்பே இருந்தார்கள். இந்தியாவில் லெப்டினன்ட் ஜெனரல் ஆன முதல் பெண் புனிதா அரோரா எங்கள் படைதான், 2004-ல்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை என்றால் நீட் எழுதி, புனே கல்லூரிக்கு விண்ணப்பித்து, அங்கே நேர்காணலுக்குப் போக வேண்டும். படித்தபின் கட்டாயப் பணி உண்டு. டாக்டர் ஆனபிறகு என்றால் குறுகிய காலப் பணி. முதலில் 5 வருஷம், விருப்பம் இருந்தால் 14 வருஷம் வரை நீட்டிக்கலாம், இடையில் நிரந்தரப் பணிக்கும் முயலலாம். மற்ற அதிகாரிகளுக்கு இருக்கிற ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு டாக்டர்களுக்குக் கிடையாது. நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும்தான். நுழையும்போதே கேப்டன். ஏழாவது ஊதியக் குழுவின்படி கேப்டனின் அடிப்படைச் சம்பளம் மாதம் 61,300 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு மேல் ராணுவப் பணி ஊதியம் 15,500, தனியாக வைத்தியம் பார்க்காததற்கான படி, அகவிலைப்படி எல்லாம் உண்டு. ஊரில் நர்சிங் ஹோம் கட்டிய என் வகுப்புத் தோழர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய காசு இல்லை. ஆனால் கடன் வாங்கி ஸ்கேன் மெஷின் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. 20 வருஷம் முடிக்காமல் வெளியே வந்தால் ஓய்வூதியம் கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கைத்தொழில் மறந்துவிடும் என்கிறார்களே?

உண்மைதான். பட்டாலியனில் இருக்கிற இரண்டு மூன்று வருஷம் பிரசவம் பார்க்க மாட்டோம், குழந்தைகளையும் முதியவர்களையும் ஏறக்குறைய பார்க்கவே மாட்டோம். லீவில் வந்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தின் அளவு கேட்டார்கள். உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து சொன்னேன். அறுவை சிகிச்சையில் ஆசை உள்ளவர்கள் சீக்கிரமே மேற்படிப்புக்குப் போய்விடுவது நல்லது. அப்புறம் பெரிய கமாண்ட் ஆஸ்பத்திரிகளில் கை நிறைய வேலை கிடைக்கும்.

குடும்பம்?

28 வருஷத்தில் 13 வீடு. கறுப்பு இரும்புப் பெட்டிகளில் வெள்ளை பெயின்ட்டால் பெயரும் ரேங்க்கும். பதவி உயர்வு வரும்போதெல்லாம் பழைய ரேங்க்கின் மேல் கறுப்படித்துப் புதியது எழுதுவோம். ஒரு பெட்டியில் மட்டும் மனைவி அடிக்க விடவில்லை, அதில் இன்னும் கேப்டன்தான். பெரியவள் ஆறு கேந்திரிய வித்யாலயாக்களில் படித்தாள். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் இன்றும் யோசித்துத்தான் சொல்வாள். மலையிலும் காட்டிலும் நான் இருந்த காலமெல்லாம் மனைவிதான் தனியாகச் சமாளித்தாள். அதைப் பற்றி அவளிடம் கேட்டால் இதைவிட நீளமான கேள்வி பதில் கிடைக்கும்.

கேன்டீன் சரக்கு கிடைக்குமா?

கிடைக்காது.

இப்போது என்ன செய்கிறீர்கள்?

முன்னாள் படைவீரர்களுக்கான சுகாதாரத் திட்டம் 2003-ல் வந்தது. இ.சி.எச்.எஸ். என்பார்கள். அதன் பாலிகிளினிக் ஒன்றில் ஒப்பந்த டாக்டராக உட்காருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால். ஒரு காலத்தில் 77 செ.மீ. மார்பை விரித்துக் காட்டியவர்கள்.

போன மாதம் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் வந்தார். எழுபதைத் தாண்டிய வயது, பேரன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். அவர் வேறு படை, முன்பின் பார்த்ததில்லை. சர்க்கரை கூடியிருந்தது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குந்தினேன். பேரன் பதறி, "சார், நான் கழட்டுறேன்" என்றான். அதற்குள் பெரியவர் தானே செருப்பை உதறி, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்து, விரல்களை விரித்துக் காட்டிவிட்டார்.

"பவுடர் போட்டாச்சு சார்" என்றார்.

போட்டிருக்கவில்லை.